தோலில் எழுதிய சாசனம்: கொரியப் போரின் சீனக் கைதிகளும் அவர்தம் பச்சைக் குறிகளும்

கல்லிலும் செப்பேட்டிலும் ஓலையிலும் பொறிக்கப்பட்டவற்றை வாசிப்பதற்கு வரலாற்று மாணவர் பயிற்றப்படுகின்றனர். மனிதத் தோலிற் பொறிக்கப்பட்டவையும் வரலாற்று மூலங்களே என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. பச்சை குத்துதல் பற்றி எழுதியோருட் பலர் அதனை நாட்டார் கலையாகவோ, குலக்குறியாகவோ, அணிகலனாகவோ நோக்கினரேயன்றி, ஓர் அரசியற் பத்திரமாக நோக்கினாரல்லர். ஆயினும் கல்வெட்டுக்கும் இதற்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. இரண்டும் அழியா என்ற நம்பிக்கையிலேயே பொறிக்கப்படுகின்றன. ஆட்சி மாறியதும் இரண்டும் அழிக்கப்படுகின்றன, அல்லது திருத்தி எழுதப்படுகின்றன. வேற்றுமை யாதெனில், கல்லுக்கு வலியில்லை. தன்மேலுள்ள வாசகத்துக்காகக் கல் எவரிடத்தும் விடை கூற வேண்டியதுமில்லை.

1951ஆம் ஆண்டு முதல் 1953ஆம் ஆண்டு வரை தென் கொரியத் தீவுகளிலிருந்த கைதி முகாம்களில் ஆயிரக்கணக்கான சீனப் போர்வீரரின் உடலிற் கொம்யூனிச எதிர்ப்பு வாசகங்கள் பச்சை குத்தப்பட்டன. அவற்றைச் சிலர் விரும்பிப் பொறித்துக்கொண்டனர்; சிலர்மீது அவை வலிந்து பொறிக்கப்பட்டன. பின்னர் அவ்வாசகங்கள் ஓரிடத்தில் துரோகத்தின் சான்றாகவும், வேறோரிடத்தில் விசுவாசத்தின் சான்றாகவும், பின்னுமொரு காலத்தில் உறவினர் முன் காட்டவொண்ணாத வசைமொழியாகவும் வாசிக்கப்பட்டன. அவற்றைச் சுமந்தவர்கள் அவற்றை மறைக்கவும் மாற்றவும் அகற்றவும் முயன்ற வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். போரின் இராணுவ வரலாறு வேண்டிய அளவுக்கு எழுதப்பட்டிருப்பதால், அது இங்கு விரித்துரைக்கப்படவில்லை.

சீன நாகரிகத்தில் பச்சைக் குறி பெற்றிருந்த இடத்தை முதலில் நோக்குதல் வேண்டும். பண்டைச் சீனத்தின் ஐவகைத் தண்டனைகளுள் முகத்தில் மையூட்டிக் குறியிடுதலும் ஒன்று. பெற்றோர் தந்த உடலையும் மயிரையும் தோலையும் ஊறுபடாது காத்தலே மக்கட் கடனின் தொடக்கம் எனக் கருதிய கன்பூசியச் சமூகத்தில், முகத்திற் குறியேற்றவன் அரசனுக்கு மட்டுமன்றித் தன் மூதாதையருக்கும் பிழை செய்தவனாயினான். கி.மு. 167இல் ஹான் வம்சத்து வென் பேரரசர் உடலைச் சிதைக்கும் தண்டனைகளை நீக்கியபோது இக்குறியிடுதலும் நீங்கியது. தலைமயிரை மழித்துக் கழுத்தில் இரும்பு வளையம் பூட்டிக் கடூழியத்துக்கு அனுப்புதல் அதற்குப் பதிலாயிற்று. ஆயின், அத்தண்டனை நிலையாக ஒழிந்துவிடவில்லை. சொங் வம்சத்தில் நாடுகடத்தப்பட்ட குற்றவாளிகளின் முகத்தில் மீண்டும் எழுத்துக்கள் குத்தப்பட்டன. இறுதியாக அது சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது 1905ஆம் ஆண்டில், மஞ்சு ஆட்சியின் அந்திமக் காலச் சட்டச் சீர்திருத்தங்களின் போதே.

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் அதே சொங் காலத்திற் காணப்படுகின்றது. படையிற் சேர்ந்த சாதாரண வீரர், தப்பியோடாதிருத்தற் பொருட்டு, குறியிடப்பட்டனர். அத்தகைய வீரனாயிருந்து பெருந்தளபதியாக உயர்ந்தவர் பதினோராம் நூற்றாண்டினரான தி சிங். மருந்திட்டு முகக் குறியை அகற்றிக்கொள்ளுமாறு பேரரசரே கூறியபோது, குலம் பாராது தகுதி பார்த்துத் தம்மை உயர்த்தியமைக்கு அக்குறியே சாட்சி, படையினருக்கு அது ஊக்கமளிக்கும் எனச் சொல்லி அவர் மறுத்தாராம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடக்கே ஜின் படைகளை எதிர்த்து வாங் யான் என்பாரின் கீழ்ப் போரிட்டோர், நாட்டுப்பற்றையும் பகைவரைக் கொல்லும் சூளுரையையும் கூறும் எட்டு எழுத்துக்களைத் தம் முகங்களிற் பொறித்து, எட்டெழுத்துப் படை எனப் பெயர் பெற்றனர். இவையனைத்தையும் விடச் சீன மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது யுவே ஃபெய் என்ற தளபதியின் கதையாகும். பொய்க்குற்றஞ் சாட்டப்பட்டு விசாரிக்கப்பட்டபோது அவர் மேலாடையைக் கிழித்துத் தம் முதுகைக் காட்டினார் என்றும், நாட்டுக்கு முழு விசுவாசம் செலுத்துதலைக் குறிக்கும் நான்கு எழுத்துக்கள் அங்கு ஆழப் பதிந்திருந்தன என்றும் சொங் வரலாறு கூறும். அவற்றைப் பொறித்தவர் அவருடைய தாயே என்பது பிற்காலக் கதைமரபு. முதுகிலிருந்த சான்று அவரைக் காக்கவில்லை. 1142இல் அவர் கொல்லப்பட்டார். தோலில் உள்ள வாசகம் எத்துணை தெளிவாயினும், அதனை வாசிப்பவனின் தேவைக்கேற்பவே பொருள் கொள்ளப்படும் என்பதற்கு இது ஒரு பழைய எடுத்துக்காட்டு.

குறியை அகற்றும் ஆசையும் பழமையானதே. ‘நீர்க்கரை’ எனப் பொருள்படும் பெயருடைய புகழ்பெற்ற சீன நாவலில், கொள்ளைக் கூட்டத் தலைவனாகிய சொங் ஜியாங்கின் முகத்திற் குற்றவாளிக்குரிய குறி இருக்கின்றது. அதனுடன் தலைநகருக்குட் செல்ல இயலாது. எனவே, கைதேர்ந்த வைத்தியர் ஒருவர் முதலில் நச்சு மருந்திட்டு எழுத்தை அரித்து, பின் நன்மருந்திட்டுப் புண்ணை ஆற்றி, ஈற்றிற் பொன்னையும் ஜேட் கல்லையும் நுண்பொடியாக்கித் தடவித் தழும்பையும் மறைத்தார் என்று அந்நாவல் விவரிக்கின்றது. கற்பனையே எனினும், வைத்தியர் அழிக்கவேண்டியிருந்தது எழுத்தை மட்டுமன்று, எழுத்து அழிக்கப்பட்ட அடையாளத்தையுமே என்பதை நாவலாசிரியர் உணர்ந்திருந்தமை கவனிக்கத்தக்கது.

இனிக் கொரியாவுக்கு வருவோம். 1950 ஒக்டோபரிற் சீனத் தொண்டர் படை யாலு ஆற்றைக் கடந்து போரிற் புகுந்தது. தொண்டர் என்பது பெயரளவிலேயே. அப்படையினருட் கணிசமானோர் ஓரிரு ஆண்டுகளுக்கு முன்வரை சியாங் கை சேக்கின் தேசியவாதப் படையிற் பணியாற்றி, உள்நாட்டுப் போரிற் பிடிபட்டோ சரணடைந்தோ மாஓ சேதுங்கின் படையில் இணைக்கப்பட்டவர்கள். 1951 வசந்தகாலப் பெருந்தாக்குதல் தோல்வியுற்றபோது ஆயிரக்கணக்கானோர் கைதிகளாயினர். சிச்சுவானைச் சேர்ந்தோர் பெருமளவில் இருந்த 180ஆவது டிவிசன் மே மாத இறுதியில் ஏறக்குறைய முற்றாகச் சிதறுண்டது. போர்க்காலம் முழுவதிலும் ஐக்கிய நாடுகள் படையினரிடம் பிடிபட்ட சீனர் சுமார் 21,000 பேர். இவர்களிற் பெரும்பாலார் கொஜே தீவிலமைந்த பெருமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

முள்வேலிகளாற் பிரிக்கப்பட்ட அடைப்புக்களுள் அமெரிக்கக் காவலர் பகலிலும் அரிதாகவே நுழைந்தனர். இரவில் நுழைவதேயில்லை எனலாம். உணவுப் பங்கீடு, வேலைப் பிரிப்பு, தண்டனை யாவும் கைதிகளிலிருந்தே தெரிந்தெடுக்கப்பட்ட தலைவர்களினதும், தடியேந்திய அவர்தம் காவலர்களினதும் கையில் இருந்தன. சீனக் கைதிகளின் இரு பெரும் அடைப்புக்களாகிய 72, 86 ஆகியவற்றில் முன்னாள் தேசியவாதப் படையினர் இப்பதவிகளைக் கைப்பற்றினர். கல்வித் திட்டம் என்ற பெயரில் முகாம்களில் நடைபெற்ற அரசியற் போதனையும், தாய்வானிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளரின் தொடர்பும் அவர்களது கையை வலுப்படுத்தின. சோற்றுக் கரண்டி யார் கையிலிருந்ததோ அவரே அடைப்பின் அரசர். பட்டினியால் நலிந்த கைதிக்குக் கொள்கை விவாதத்திலும் அக்கரண்டியின் ஆழமே முக்கியமானது என்பதைக் கைதிகளின் நினைவுக்குறிப்புக்களை வாசிப்போர் எளிதில் உணர்வர்.

இச்சூழலிலேயே பச்சை குத்துதல் தொடங்கிற்று. ஊசியும் மையுமே கருவிகள். கொம்யூனிசத்தை எதிர்ப்போம், இரசியாவைத் தடுப்போம் என்னும் பொருளுடைய நான்கெழுத்து முழக்கம் மிகப் பரவலானது. தேசியவாதக் கட்சியின் வெண்சூரியன், அக்கட்சி அரசின் கொடி ஆகியனவும் நெஞ்சிலும் கையிலும் பொறிக்கப்பட்டன. இன்னொரு முழக்கம் சிலேடையால் அமைந்தது. ‘ஜூ’வைக் கொன்று ‘மாஓ’வைப் பிடுங்கு என்பது அதன் சொற்பொருள். ‘ஜூ’ என்பது தளபதி ஜூ தேயின் குடும்பப் பெயர். அதே ஒலியுடைய வேறொரு சொல் பன்றியைக் குறிக்கும். ‘மாஓ’ என்பது தலைவரின் பெயர். மயிர் என்ற பொருளும் அச்சொல்லுக்குண்டு. பன்றியை அறுத்து மயிரைப் பிடுங்குதல் எந்தக் கிராமத்தவனுக்கும் தெரிந்த வேலை. எழுத்தறியாத உழவர் மகனொருவன் தன் முதுகில் இவ்வாசகத்தைப் பெற்றபோது அதனை நகைச்சுவையாகவும் கேட்டிருத்தல் கூடும். ஆயின், அவன் பிறந்த நாட்டில் அது அரசத் தலைவர் இருவரைக் கொல்லும்படி விடுக்கும் அறைகூவல். கொரியக் கைதிகளிடையேயும் இத்தகைய குறிகள் இருந்தன எனினும், சீனரிடையே இவ்வழக்கம் பெற்ற பரப்பு தனித்தன்மையுடையது. யுவே ஃபெய் கதையிற் பழகிய செவிகளுக்கு, முதுகில் எழுதப்படும் நான்கு எழுத்துக்கள் வெறும் முழக்கமாக மட்டும் ஒலித்திருக்கமாட்டா.

கைதிகளின் தோல் இத்துணை முக்கியம் பெற்றமைக்குக் காரணம் பன்முன்ஜொம் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தது. போர் முடிந்ததும் கைதிகள் தாமதமின்றி விடுவிக்கப்பட்டுத் தாயகம் அனுப்பப்படல் வேண்டும் என்பது 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின் 118ஆம் பிரிவு. ஆயினும், 1952 ஜனவரியில், விரும்பியோரை மட்டுமே திருப்பியனுப்புதல் என்னும் கொள்கையை அமெரிக்கத் தரப்பு முன்வைத்தது. மனிதாபிமானம் இதற்குக் காரணமன்று எனக் கூறுவது நியாயமாகாது. இரண்டாம் உலகப் போரின் பின் சோவியத் நாட்டுக்கு வலிந்து அனுப்பப்பட்டோரின் கதி ஜனாதிபதி ட்ரூமனின் நினைவில் இருந்தது. ஆயினும், பகைவன் படையினர் பகைவனிடம் திரும்ப மறுக்கின்றனர் என்னும் செய்தியின் பிரசாரப் பெறுமதியும் அந்நினைவுக்கு அருகிலேயே இருந்தது. இக்கொள்கை முன்வைக்கப்பட்டதும், ஒவ்வொரு கைதியின் விருப்பமும் எண்ணப்படும் பொருளாயிற்று. 1952 ஏப்ரில் 8இல் தனித்தனி விசாரணை தொடங்கியது.

விசாரணைக்கு முந்திய நாட்களும் இரவுகளுமே இவ்வரலாற்றின் மிக இருண்ட பகுதி. திரும்பிச் செல்ல விரும்புவோர் அடையாளம் காணப்பட்டுத் தாக்கப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். 72ஆம் அடைப்பில் லின் சுவேபு என்னும் இளைஞர் கொல்லப்பட்டதையும், அதற்கு முன் அவரது உடலில் வலிந்து பொறிக்கப்பட்டிருந்த எழுத்துக்கள் தசையோடு அறுத்தெடுக்கப்பட்டதையும் தாயகம் திரும்பியோர் தம் நினைவுக்குறிப்புக்களிற் பதிந்துள்ளனர். நாடு திரும்ப வேண்டுமாயின் எழுத்தை இங்கே விட்டுச் செல் என்பதே அச்செயலின் பொருள். அமெரிக்கத் தரப்பின் பேச்சுவார்த்தைத் தலைவர் அட்மிரல் ஜோய் தாமே, அச்சமே பலரது விடையைத் தீர்மானித்ததென்ற ஐயத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். முதல் விசாரணையில், ஏறத்தாழ இருபதாயிரம் சீனருள் ஐயாயிரம் பேரளவிலேயே திரும்ப விரும்புவதாகக் கணக்கிடப்பட்டது.

இப்பச்சைக் குறிகள் தாமாக விரும்பியவையா, வலிந்து குத்தப்பட்டவையா என்ற வினாவை அறிஞர் பலர் எழுப்பியுள்ளனர். வினா இவ்வாறு அமையும்வரை விடை கிடையாது என்பது என் கருத்து. ஆர்வத்தோடு பொறித்துக்கொண்டோர் இருந்தனர். அடித்துக் கிடத்திப் பொறிக்கப்பட்டோரும் இருந்தனர். இவ்விரு முனைகளுக்குமிடையே, பக்கத்துப் படுக்கையிலிருப்பவன் பொறித்துக்கொண்டதால் தானும் கையை நீட்டியவனே பெரும்பான்மையினன். முக்கியமானது குறி எவ்வாறு வந்தது என்பதன்று, வந்தபின் அது என்ன செய்தது என்பதே. நெஞ்சில் அவ்வெழுத்துக்களைப் பெற்ற ஒருவன், தாயையும் மனைவியையும் காண எவ்வளவு ஏங்கினாலும், இனி ஊர் திரும்பினால் முதற் சோதனையிலேயே சட்டையைக் கழற்ற நேரும் எனத் தெரிந்துகொண்டான். முடிவு முதலிலும் குறி பின்னரும் அமைந்ததாக ஒரு தரப்பார் கூறுவர். பலரைப் பொறுத்தவரை, குறியே முதலில் வந்தது. முடிவு அதனைத் தொடர்ந்தது. அடைப்புத் தலைவர்கள் இதனை நன்கறிந்திருந்தனர். வாக்குச் சீட்டை மாற்றி எழுதலாம், கையெழுத்தை மறுக்கலாம், இரத்தத்தில் எழுதிய விண்ணப்பத்தைக்கூட எரித்துவிடலாம். தோலை என் செய்வது?

உடற்கூற்றியல் இங்கு அடைப்புத் தலைவர்களின் பக்கமே நின்றது. மை மேற்றோலில் தங்குவதாயின் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். ஊசி அதனைக் கீழ்த்தோலுக்குக் கொண்டு செல்கின்றது. அங்கு உடலைக் காக்கும் கலங்கள் மைத்துகளை விழுங்கி, அழிக்க இயலாமல் வைத்துக்கொள்கின்றன. அக்கலங்கள் இறக்கும்போது வெளிப்படும் துகளைப் புதிய கலங்கள் மீண்டும் விழுங்குகின்றன என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் எலிகளில் நிகழ்த்திய ஆய்வொன்று 2018இற் காட்டிற்று. ஆகவே, குறியை நீக்குவதென்றால் தோலையே நீக்குவது என்பதே 1950களின் நிலை.

1953 ஜூலை 27இல் போர்நிறுத்தம் கைச்சாத்தாயிற்று. திரும்ப மறுத்தோர் பொருட்டு, கிருஷ்ண மேனனின் முயற்சியால் 1952 டிசெம்பர் 3இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற இந்தியத் தீர்மானத்தின் வழிநின்று, நடுநிலை நாடுகளின் ஆணைக்குழு ஒன்று அமைந்தது. இந்தியா, சுவீடன், சுவிற்சர்லாந்து, போலந்து, செக்கோசிலோவாக்கியா ஆகியன அதன் உறுப்பு நாடுகள். தலைவராயிருந்தவர் குடகு நாட்டவரான தளபதி திம்மையா. காவற் படைக்குத் தலைமை தாங்கியவர் தளபதி தோராட். இந்தியத் துருப்புக்கள் தென் கொரிய மண்ணிற் காலடி வைத்தலாகாது எனச் சிங்மன் றீ பிடிவாதம் பிடித்தமையால், அவர்கள் கடலிலிருந்து ஹெலிகொப்டர்கள் மூலம் படைநீக்க வலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட 22,604 கைதிகளுள் 14,704 பேர் சீனர்.

திட்டம் நேர்மையானதே. சீன அரசின் பிரதிநிதிகள் ஒவ்வொரு கைதிக்கும் கூடாரத்தில் விளக்கம் அளிப்பர்; அதன்பின் கைதி இரு வாயில்களுள் ஒன்றால் வெளியேறுவான். ஒரு வாயில் தாயகத்துக்கு, மற்றையது மறுப்புக்கு. செயலில் நடந்ததோ வேறு. கைதிகள் கூச்சலிட்டனர், காறி உமிழ்ந்தனர், கதிரைகளை வீசினர். அடைப்புக்களுள் அதிகாரம் இன்னும் பழைய தலைவர்களிடமே இருந்தது. தொண்ணூறு நாட் காலவெல்லையிற் சில நாட்களே விளக்கம் நடைபெற்றது. 1953 செப்டெம்பரில் மேஜர் கிறேவால் என்னும் இந்திய அதிகாரி கைதிகளாற் பிடித்து வைக்கப்பட்டபோது, தோராட் தாமே அடைப்பினுட் சென்று பேசி அவரை மீட்டார். துப்பாக்கியால் ஆகாத இக்காரியத்தை அவர் வாய்ச்சாதுரியத்தால் முடித்தமை இந்தியப் படை வரலாற்றிற் பெருமையுடன் நினைவுகூரப்படுகின்றது. ஆயினும், எந்தச் சாதுரியமும் தோலிலிருந்த எழுத்தைத் தொடவில்லை. நடுநிலையாளருக்கு அவ்வெழுத்து ஒரு சங்கடம்: அதனைக் கைதியின் விருப்பமாக ஏற்றாற் கொடுமைக்கு உடந்தையாவர், கொடுமையின் விளைவாகக் கொண்டாற் கைதியின் வாய்மொழியை மறுத்தவராவர். இந்நெருக்கடியைத் திம்மையா நடுநிலைமை பற்றிய தமது நூலில் மனந்திறந்து எழுதியிருக்கின்றார். அவர் 1965இற் சைப்பிரசில் மறைந்து பல ஆண்டுகளின் பின், 1981இலேயே அது வெளிவந்தது.

இந்தியக் காவலின் கீழிருந்த சீனருள் 440 பேர் தாயகம் திரும்பினர். பன்னிருவர் இரு சீனங்களையும் மறுத்து இந்தியாவுக்கு வந்தனர். ஏனைய பதினாலாயிரத்துக்கு மேற்பட்டோர் 1954 ஜனவரியில் விடுவிக்கப்பட்டுக் கப்பலிலே தாய்வானின் கீலுங் துறைமுகத்தை அடைந்தனர். அவர்களை அங்கு வரவேற்ற பெயர் ‘கொம்யூனிச எதிர்ப்பு அறவீரர்’ என்பது. தெருவெங்கும் கொடிகள், ஜனவரி 23 சுதந்திர தினமாயிற்று. சட்டையைத் திறந்து நெஞ்செழுத்தைக் காட்டிய வீரரின் படங்கள் பத்திரிகைகளை நிறைத்தன. அவற்றைப் பார்த்தோர் அவ்வெழுத்துக்களின் ஓரங்களிலிருந்த வேறு தழும்புகளை வினவினாரல்லர். அவர்களுட் பெரும்பாலார் விரைவில் மீண்டும் படையிற் சேர்க்கப்பட்டனர்.

தாயகம் திரும்பிய சுமார் ஏழாயிரம் பேரின் கதை மாறுபட்டது. வடகிழக்கிலுள்ள சாங்து என்னுமிடத்தில் அவர்கள் தங்கவைக்கப்பட்டு, பல மாதங்கள் விசாரிக்கப்பட்டனர். பிடிபட்டதே குற்றம், இறுதிவரை போரிட்டு ஏன் இறக்கவில்லை என்பதே வினா. கட்சி உறுப்பினராயிருந்தோருட் பெரும்பாலார் உறுப்புரிமை இழந்தனர். இந்நிலையில் உடலிற் பகைவரின் வாசகத்தோடு வந்தோரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அதனை வலிந்து குத்தினர் என அவர் கூறியதைச் சாட்சியின்றி யார் ஏற்பர்? முகாமிலேயே தகரத்தாலும் கத்தியாலும் எழுத்தைச் சுரண்டியெடுக்க முயன்றோரும், திரும்பியபின் வைத்தியசாலைகளில் அறுத்தெடுப்பித்துக்கொண்டோரும் உண்டு. ஆனால், செவ்வகமாக அறுத்தெடுத்த தழும்பும் பேசத்தான் செய்தது. அங்கு என்ன இருந்தது என்பதைச் சாங்து விசாரணையாளர் மறக்கவில்லை. 1966இற் கலாசாரப் புரட்சி தொடங்கியபோது செங்காவலரும் மறக்கவில்லை. 1980இல் கட்சியின் மத்திய குழு வெளியிட்ட ஆவணத்தின் மூலமே அவர்களது பெயர் ஓரளவு துலக்கப்பட்டது. முகாமில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஜாங் சேஷி என்பாரைப் போன்றோர் எழுதிய நினைவுக்குறிப்புக்கள் அதன் பின்னரே வெளிவந்தன. அக்காலம்வரை இவ்வரலாறு தழும்புகளில் மட்டுமே எழுதப்பட்டிருந்தது என்பது மிகையன்று.

குறியை அழித்தலுக்கும் மாற்றுதலுக்குமுள்ள வேறுபாட்டை நுணுக்கமாகக் காட்டியவர் வரலாற்றாசிரியரல்லர், நாவலாசிரியர் ஒருவரே. சீனாவிற் பிறந்து, மக்கள் விடுதலைப் படையிற் பணியாற்றி, பின் அமெரிக்காவிற் குடியேறி ஆங்கிலத்தில் எழுதும் ஹா ஜின், 2004இல் வெளியிட்ட ‘போர்க் குப்பை’ என்னும் கருத்துடைய தலைப்பிலான நாவலில், யூ யுவான் என்ற கைதியின் வாய்மொழியாக இக்கதையைச் சொல்கின்றார். யூ யுவானின் வயிற்றிற் கொம்யூனிசத்தை இழிசொல்லால் ஏசும் ஆங்கில வாசகம் வலிந்து பொறிக்கப்படுகின்றது. நாடு திரும்பியபின் மருத்துவர் ஒருவர் அதனை முழுமையாக அழிக்காமற் சில எழுத்துக்களை மட்டும் நீக்குகின்றார். இழிசொல் அப்படியே நிற்கின்றது. கொம்யூனிசம் என்ற சொல்லில் இரண்டு எழுத்துக்கள் மட்டும் எஞ்சுகின்றன. அவை ஐக்கிய அமெரிக்காவின் சுருக்கப் பெயராகின்றன. துரோகியின் வயிறு ஒரே நாளில் தேசபக்தனின் வயிறாகிவிடுகின்றது. முதுமையில் அமெரிக்காவிலுள்ள மகன் வீட்டுக்குச் செல்லும் அவர், எவர் கண்ணிலேனும் அவ்வாசகம் பட்டுவிடுமோ என அஞ்சி வாழ்கின்றார். இரண்டு வாசகங்களுள் ஒன்றேனும் அவருடையதன்று. திருத்தத்தினால் ஒரு நாட்டில் ஆபத்து நீங்கிற்று. மற்றொரு நாட்டிற்குரிய ஆபத்து உருவாயிற்று. நாவலின் தொடக்கத்திலேயே இதனை வைத்தமை ஆசிரியரின் கூர்மையைக் காட்டுகின்றது. நாவலை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளல் தகாது. ஆயினும், மாற்றியெழுதுதலின் தருக்கத்தை விளங்கிக்கொள்ள அது பெரிதும் உதவும்.

தாய்வானிற் குடியேறியோருக்கு இச்சிக்கல் முப்பது ஆண்டுகள் தாமதித்து வந்தது. 1987 ஜூலை 15இல் அங்கு இராணுவச் சட்டம் நீக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 2 முதல் முதுபெரும் படைவீரர் சீனாவிலுள்ள உறவினரைக் காணச் செல்ல அனுமதிக்கப்பட்டனர். இருபது வயதிற் பிடிபட்டவர் அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். தாய் இறந்திருப்பாள், மனைவி மறுமணம் செய்திருப்பாள், தாய்வானில் உறவினர் இருந்த குற்றத்துக்காகத் தம்பியர் அல்லற்பட்டிருப்பர். அத்தகைய வீட்டு முற்றத்திற் சட்டையைக் கழற்றிக் கைகால் கழுவ வேண்டிய மனிதனின் நெஞ்சில், மாஓவைப் பிடுங்கு என்ற வாசகம். அவ்வாசகத்தை அவர் இன்னும் நம்பினாரா, இல்லையா என்பது அங்கு யாருக்கும் பொருட்டன்று. சுங்க அதிகாரி என்ன நினைப்பார், ஊர்க் கட்சிச் செயலாளர் என்ன நினைப்பார், ஒருபோதும் கண்டிராத மருமக்கள் என்ன நினைப்பர் என்பவையே கேள்விகள்.

எனவே, வீரப் பதக்கம்போற் போற்றப்பட்ட குறியை அகற்றுவதற்குப் பலர் வைத்தியசாலைகளை நாடினர். தோலை வெட்டித் தைத்தல், தேய்த்து உரித்தல், தொடைத் தோலை எடுத்து ஒட்டுதல் முதலியன அக்காலத்து முறைகள். குறித்த அலைநீளமுடைய ஒளி, சுற்றியுள்ள தோலைச் சுடாது நிறப்பொருளை மட்டும் சிதைக்கும் என்ற கொள்கை 1983இலேயே வெளிவந்திருந்தாலும், அதன் வழிவந்த லேசர்க் கருவிகள் பரவலானது பின்னரே. முழுக்க அகற்றுதல் இயலாதவிடத்து, எழுத்தின் மீது பூவோ இலையோ வேறு உருவமோ குத்தி அதனை மூடினோரும் உண்டு. சீன எழுத்து இதற்கு ஓரளவு இடங்கொடுக்கும். கோடுகள் செறிந்த எழுத்தை ஒரு பூவின் கருமைக்குள் புதைப்பது எளிது. இதனைக் கொள்கை மாற்றம் எனச் சிலர் இகழ்ந்தனர். இகழ்ந்தோருட் பலர் ஊசியின் முனையை அறியாதவர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் எழுதப்பட்ட வாசகத்துக்கு ஆயுள் முழுவதும் ஒருவர் கட்டுப்பட்டவர் எனக் கூறுவோர், அடைப்புத் தலைவர்களின் தருக்கத்தையே வேறு சொற்களிற் கூறுகின்றனர்.

வரலாற்று மாணவருக்கு இதில் ஓர் இழப்பு உண்டென்பதையும் மறைத்தல் கூடாது. அகற்றப்பட்ட ஒவ்வொரு குறியுடனும் ஒரு மூலச்சான்று அழிகின்றது: எழுத்தின் வடிவம், குத்தியவன் கல்வியறிவுடையவனா என்பது, கோடுகள் நேராயுள்ளனவா அல்லது திமிறிய உடலிற் கோணியுள்ளனவா என்பது யாவும் அத்துடன் போய்விடும். கோணிய கோட்டினும் சிறந்த சாட்சி வலிந்து குத்தியதற்கு வேறில்லை. முகாம் அதிகாரிகளின் அறிக்கைகளிலோ, தாய்பேயின் புகழுரைகளிலோ, சாங்து விசாரணைக் கோவைகளிலோ அது கிடையாது. எனினும், அவற்றைச் சுமந்தோர் சுவடிக்கூடங்களல்லர்.

எல்லோரும் அகற்றிக்கொள்ளவில்லை. தாம் நம்பியதை இன்றும் நம்புவதாகச் சொல்லி, அவ்வெழுத்துக்களுடனேயே முதியோர் இல்லங்களில் இறந்தோர் இருந்தனர். அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கடுங் கோடையிலும் நீண்ட கைச்சட்டை அணிந்து, ஊருக்குச் சென்று, பெற்றோரின் கல்லறையில் ஊதுவத்தி ஏற்றித் திரும்பியோரும் இருந்தனர். அவர்களது தோலில் அவ்வெழுத்துக்களின் ஓரங்கள் காலப்போக்கில் கரைந்து பரவி, நீலம் மங்கிப் பசுமையாகி, அருகிற் சென்று பார்த்தாலன்றி வாசிக்க இயலாதவை ஆகியிருந்தன.